முதலில் என் பக்கம்

காப்பிக் கடையில் பால் கலக்காத காப்பி ஓ கேட்டு, பால் தேநீரான தே தாரேக் வந்தால் நாம் கடைக்காரரைக் கூப்பிடுவோம். என் பிரிவில் டெக்னீஷியனாக இருந்த அந்தப் பெண் கூப்பிட மாட்டார். கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். தான் என்ன சொன்னோம், எந்தப் பக்கம் திரும்பிச் சொன்னோம், அப்போது மேலே மின்விசிறி எவ்வளவு சத்தம் போட்டது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பார். தன்மேல் தப்பு என்று பட்டால் பேசாமல் தே தாரேக்கைக் குடித்துவிடுவார். இல்லை என்று உறுதியானால் எழுந்து போய், "அண்ணே, என் பக்கம் பார்த்துட்டேன். சரியாத்தான் சொல்லியிருக்கேன். இனி உங்க பக்கம் பாருங்க" என்பார். கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் காப்பி போட்டுக் கொடுப்பார்.

இதைப் பணிவு என்று நினைத்தவர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். பினாங்கில், பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையில், எங்கள் பரிசோதனைப் பிரிவுக்கு ஓர் இளம் பொறியாளர் வந்து சேர்ந்தார். வந்த வாரமே, அளவுகள் தப்பாக வருவதற்கு இந்தப் பெண் செய்த வயரிங்தான் காரணம் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். இவர் கோபப்படவில்லை. "இருக்கலாம் சார், பார்க்கிறேன்" என்றார். இரண்டு நாள் ஒவ்வொரு வயராகக் கழற்றி, அளந்து, மறுபடி மாட்டினார். மூன்றாம் நாள் காலை ஒரு தாளோடு அந்தப் பொறியாளரின் மேசை முன் போய் நின்று, "என் பக்கம் சுத்தம் லா. இனி உங்க பக்கம் போவோமா?" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் பொறியாளரின் கணக்கில் ஒரு பிழை அகப்பட்டது. அதன் பிறகு இவர் தாளோடு நடந்து வருவதைப் பார்த்தாலே எங்கள் பிரிவில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும்.

ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி, ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு டெக்னீஷியன் ஆனவர். சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் தன் அக்காவோடு இருந்தார். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. நீலநிற மோட்டார் சைக்கிளில் வருவார். மழைக்கோட்டை மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் போட்டிருப்பார். நான் அந்தப் பிரிவின் தலைவன். வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவன். சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தேன். எனக்குத் தெரியாததை ஒருவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டது வாழ்க்கையில் அநேகமாக ஒரே ஒரு முறைதான். அது இவரிடம்.

பதினைந்து வருடம் இருக்கும். எங்களிடம் ஒரு பழைய பரிசோதனைக் கருவி இருந்தது. கருவி நன்றாக வேலை செய்தது. அதை ஓட்டிய கணினிதான் சாகக் கிடந்தது. அதில் இருந்த நிரல் அந்தக் காலத்துக் கணினியில் மட்டுமே ஓடும். எழுதிக் கொடுத்த நிறுவனம் கடையை மூடிவிட்டுப் போயிருந்தது. புதுக் கருவி வாங்கித் தர மேலிடம் மறுத்துவிட்டது. அதன் ஹார்ட் டிஸ்க், அந்தப் பழைய வட்டு, சுழலும்போது கரகரவென்று சத்தம் வரும். ஒவ்வொரு நாளும் அதை இயக்கும்போது எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்போம்.

ஒரு திங்கட்கிழமை அவர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் காட்டும் மென்பொருள் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பழைய நிரலை அதற்குள் உட்கார்த்திவைத்தால் தான் பழைய வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அது ஓடும் என்றார். கையேட்டை அச்செடுத்து, புரியாத ஆங்கிலச் சொற்களுக்கு அடியில் பென்சிலால் அர்த்தம் எழுதி வைத்திருந்தார். இலவசம் என்பதுதான் அவருக்கு ஒரு வாரம் உறுத்தலாக இருந்ததாம். யாரோ எழுதி, நிரலையும் திறந்து காட்டி, எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தான் எதையோ சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்து, உரிமப் பக்கத்தை மூன்று முறை படித்திருக்கிறார்.

முதல் நாள் திரை கறுப்பாக இருந்தது. துவக்குவதற்கு எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி வந்தது. நானாக இருந்தால் மென்பொருள் சரியில்லை என்று மூடியிருப்பேன். அவர் திரைக்கு முன்னால் குனிந்து, பசியோடு அழும் பிள்ளையிடம் கேட்பதுபோல், "நான் உனக்கு என்ன குடுக்கலை?" என்று கேட்டார். பழைய வட்டைத்தான் கொடுத்திருக்கவில்லை. அதை முழுதாக ஒரே கோப்பாக நகலெடுத்துக் கொடுத்தார். பிறகு புதிய கணினியின் வேகம் பழைய நிரலுக்கு ஆகவில்லை. பழைய மாதிரிச் செயலியைக் காட்டச் சொல்லி, மென்பொருளை இயக்கும் ஆணை வரியில் சேர்த்தார். கடைசியாகக் கருவியோடு பேசும் கேபிளை உள்ளே இருக்கும் பொய்க் கணினிக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. அதற்கு நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் தான் எழுதிய வரியில்தான் பிழையைத் தேடினார். நான்கு நாளும் அங்கேதான் அகப்பட்டது. ஐந்தாம் நாள் பழைய நிரலின் பச்சை எழுத்து புதிய திரையில் வந்து, கருவி ஒரு முறை டிக் என்று சொன்னது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று மதியம் பிரிவு முழுவதற்கும் அப்பம் வாங்கிக் கொடுத்தார். பழைய வட்டு அந்த மாதமே நின்றுவிட்டது.

எனக்கும் ஆசை வந்தது. எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். தினமும் மாலை அரை மணி நேரம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். நான் தப்பாக அடித்தால், "நான் சரியா சொல்லலை சார்" என்பார். ஓர் ஆணையை மூன்று முறை தப்பாக அடித்தபோதுதான், "இப்ப நீங்கதான் சார்" என்றார்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விதி உண்டு. நகலெடுத்த அந்தப் பெரிய கோப்பை அவர் அடி என்பார். அதற்கு மேல் இன்னொரு சிறு கோப்பு. அது மேல்தாள். பொறியாளர்கள் செய்யும் மாற்றமெல்லாம் மேல்தாளில் மட்டும் பதியும். அடி அப்படியே இருக்கும். சுவரில் மாட்டியிருந்த தொழிற்சாலை வரைபடத்தைக் காட்டி எனக்கு விளக்கினார். அதன் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து அதில்தான் நாம் கோடு போடுகிறோம். அடியில் இருக்கும் படத்தை யாராவது நகர்த்திவிட்டால் மேலே போட்ட கோட்டுக்கு அர்த்தமே இல்லை. "அதனால அடியை மட்டும் யாரும் திறக்கக்கூடாது சார். திறந்து பார்த்தாலே அது எதையாவது எழுதிக்கும். நான் பூட்டி வச்சிருக்கேன்." படிக்க மட்டும், எழுத முடியாது என்று அந்தக் கோப்பைப் பூட்டியிருந்தார். தினமும் கிளம்பும் முன் பூட்டு சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பார். அடிக்கு இன்னொரு நகல் எடுத்துவைக்க ஒரு வட்டு வேண்டும் என்று விண்ணப்பமும் கொடுத்திருந்தார். அது என் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

அவர் வருடத்தில் ஒரே ஒரு விடுப்பைத்தான் முன்கூட்டியே கேட்பார். தைப்பூசத்துக்கு முதல் நாள் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி, பூசத்துக்கு அடுத்த நாள் ஒரு நாள் விடுப்பு. பூசத்தன்று பினாங்கில் பொது விடுமுறை. அக்காவும் அவரும் சின்ன வயதிலிருந்து பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிறவர்கள். விரதம் இருக்கும் நாட்களில் யார் பசியாற அழைத்தாலும் சிரித்துக்கொண்டே மறுப்பார். மற்ற நேரத்தில் அவர் எவ்வளவு சாப்பிடுவார் என்பதை வைத்துப் பிரிவில் கேலி உண்டு.

அந்த வருடப் பூசத்தன்று தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். எங்கள் ஊர் விடுமுறை அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. தொழிற்சாலை வெறிச்சோடிக் கிடந்தது. செத்த கணினியை உயிர்ப்பித்த கதையை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது. யார் செய்தது என்று அவர்கள் கேட்டபோது, எங்கள் பிரிவு செய்தது என்றேன். நானே இயக்கிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

மேல்தாளில் மூன்று வார அளவுத்திருத்த வேலை இருந்தது. அதைத் தொட்டால் கெட்டுவிடுமோ என்று பயந்தேன். அதனால், அரைகுறையாகப் படித்தவனின் புத்தியோடு, அடியைத் திறந்தால் பத்திரம் என்று நினைத்தேன். பூட்டு விடவில்லை. தலைவன் என்பதால் என்னிடம் நிர்வாகக் கடவுச்சொல் இருந்தது. பூட்டைத் திறந்தேன். பச்சை எழுத்து வந்தது. வந்தவர்களில் ஒருவர் ஆர்வமாக நாலைந்து எண்களை மாற்றிச் சேமித்துப் பார்த்தார். எல்லோரும் கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு மேல்தாளைத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. நான்கு விதமாக முயன்றேன். திறக்கவில்லை. மேல்தாளுக்கு அவர் எடுத்து வைத்திருந்த நகல்களும் திறக்கவில்லை, எல்லாம் அதே அடியை நம்பி இருந்தவை.

அடுத்து நான் செய்ததை எழுத வேண்டும். கோப்பு கடைசியாக மாறிய தேதி என்று அன்றைய தேதி காட்டியது. அதை மாற்ற ஓர் ஆணை உண்டு. அதையும் அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். பழைய தேதி எனக்கு நினைவில்லை. முதல் நாள் தேதியைப் போட்டேன். நேரம் மாலை நான்கு என்று போட்டேன். அவர் நாலரைக்குக் கிளம்பியது எனக்குத் தெரியும். பிறகு கோப்பைப் பூட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியில், ஏன் நான்கு மணி என்று போட்டேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் இருக்க வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

விடுப்பு முடிந்து வந்த காலை, என் அறைக் கதவருகே நின்று, "பசியாறிட்டீங்களா சார்?" என்றார். கெட்ட செய்தி சொல்லும் முன் அப்படித்தான் கேட்பார். மேல்தாள் திறக்கவில்லை, அடி மாறியிருக்கிறது என்றார்.

"யார் தொட்டிருப்பாங்க?" என்று நான் கேட்டேன்.

"முதல்ல என் பக்கம் பார்த்துட்டு வர்றேன் சார்."

இரண்டு நாள் பார்த்தார். அந்த இரண்டு நாளும் நான் காத்திருந்தது, அவர் தாளோடு வந்து இனி உங்கள் பக்கம் என்று சொல்வதற்குத்தான். சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று இன்றைக்கு நினைக்க எனக்கு ஆசை. நிச்சயமில்லை. அவர் தாளில்லாமல் வந்தார்.

"நான்தான் சார். பூசத்துக்கு முதல் நாள் நாலு மணிக்கு அடியைத் திறந்திருக்கேன். தேதி அப்படித்தான் சொல்லுது. எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரலை. பூட்டைப் பார்க்காம ஓடியிருக்கேன். மனசு கோயில்ல இருந்திருக்கு."

"பரவாயில்லைமா. எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன்.

அவர் எனக்கு நன்றி சொன்னார்.

மூன்று வார வேலையை அவரே முன்னின்று பொறியாளர்களோடு மறுபடி செய்து முடித்தார். அந்த வருடம் அவரை உதவிப் பொறியாளராக்க நான் எழுதி வைத்திருந்த பரிந்துரை, மேலே போன இடத்தில் இந்தச் சம்பவத்தைக் காட்டி நிறுத்தப்பட்டது. நான் வாதாடவில்லை. வாதாடினால் அதிகம் கேட்பார்கள் என்று இருந்தது. இரண்டாவது வட்டுக்கான விண்ணப்பத்தில் மட்டும் அன்றே கையெழுத்துப் போட்டேன்.

அவரிடம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதே மழைக்கோட்டு, அதே சிரிப்பு. தாளோடு வந்து மற்றவர்களை எழுப்புவதும் நிற்கவில்லை. அடுத்த தைப்பூசம் வந்தபோது விடுப்பு விண்ணப்பங்களில் அவருடையது இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துக் கேட்டேன். பூசத்தன்று கருவியைப் பராமரிக்க ஒருவர் வேண்டும் என்று அறிவித்திருந்ததற்குத் தன் பெயரைக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

"பால்குடம்?"

"அக்கா எடுப்பா சார். நான் ரெண்டு பக்கம் மனசை வைக்க லாயக்கில்லை. ஒரு தடவை போதும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. நல்ல பெயரோடு போக வேண்டும் என்று இருந்தது. போனேன். மாலை போட்டு, பேசி, கடிகாரம் கொடுத்தார்கள். அவர் பேசும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுக் கற்றுக்கொண்ட ஒரே பெரியவர் என்று என்னைப் பற்றிச் சொன்னார். பிற்பாடு எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள் என்றும், அவர் கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு மாறி, வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டார் என்றும் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

போன வருடப் பூசத்தன்று எங்கள் குடியிருப்புக்காரர்கள் போட்ட தண்ணீர்ப்பந்தலில் உட்கார்ந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருடைய அக்கா. முட்டி போய்விட்டது, படி ஏற முடியாது, கீழே இருந்தே கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். தங்கை எங்கே என்று கேட்டேன்.

"அவ எங்க சார் வர்றா. பூசம்னா அவளுக்கு வேலை. எத்தனை வருசமாச்சு. கேட்டா சிரிப்பா."

கையில் இருந்த குவளையை வைத்துவிட்டு முகவரி கேட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை பிறைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் கொஞ்சம் இளைத்திருந்தார், தலை நரைத்திருந்தது. பசியாறிவிட்டீர்களா என்று அவர் கேட்பதற்குள், உட்காரும் முன்பே, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். தேதியை மாற்றியதையும், நான்கு மணி என்று போட்டதையும் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் உள்ளே போய், ஒரு காலணிப் பெட்டியில் இருந்து துணியில் சுற்றிய ஒரு வட்டை எடுத்து வந்தார். பழைய நிரலை ஓட்டிய புதிய கணினியின் வட்டு, பிரிவை மூடியபோது குப்பைக்குப் போக இருந்தது. அனுமதி கேட்டு எடுத்து வந்திருக்கிறார். எங்கே தவறினோம் என்று என்றாவது பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று.

"உங்களை நம்பலைன்னு இல்லை சார். பார்த்துடுவோம்."

வட்டை நேராகத் தொடவில்லை. முதலில் முழுதாக ஒரு நகல் எடுத்தார். அதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. நான் எழுந்தேன். "இருங்க" என்றார். இட்லி கொடுத்தார். நகல் முடிந்ததும் அந்தத் தொழிற்சாலைக் கணினியைத் தன் கணினிக்குள் இயக்கினார். அதற்குள் எங்கள் பொய்க் கணினியின் கோப்புகள் அப்படியே கிடந்தன. உடைந்ததைத் தொடக்கூடாது என்று அவர் அன்று விட்டுவைத்திருந்தார்.

ஒரு வரி அடித்தார். திரையில் இரண்டு தேதிகள் வந்தன. ஒன்றை விரலால் தொட்டு, இது நீங்கள் போட்டது என்றார். இன்னொன்றைக் காட்டி, பூட்டினாலோ தேதியை மாற்றினாலோ இயந்திரம் தானாகவே எழுதிக்கொள்ளும் நேரம் இது, இதை மாற்ற ஆணை கிடையாது என்றார். அதில் பூசத்தன்று பிற்பகல் மூன்று பத்து என்று இருந்தது.

"இதை அன்னைக்கே ஏன் பார்க்கலை?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்பது உறைத்தது.

"முதல் தேதியிலேயே நான்தான்னு ஆயிருச்சே சார். அதுக்கு மேல யாரைத் தேடறது?"

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு பத்து. அந்நேரம் நாங்க ரெண்டு பேரும் மலை மேல நின்னோம். அபிஷேகம் முடிஞ்சு, நல்ல வெயில். அக்கா என் தலையில துண்டைப் போட்டா." நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"அப்ப நான் பூட்டிட்டுத்தான் போயிருக்கேன்" என்றார்.

கைத்தொலைபேசியை எடுத்தார். அக்கா சுங்கை பினாங்கில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தார். "அக்கா, அந்தப் பூசத்துக்கு நான் பூட்டிட்டுத்தான் கிளம்பியிருக்கேன். இப்பதான் பார்த்தேன். என்மேல தப்பில்லை." அந்தப் பக்கம் அக்கா சத்தமாக ஏதோ கேட்பது எனக்கும் கேட்டது. அப்போ யார் என்று கேட்கிறார். இவர் என்னை ஒரு முறை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யாரோ. இப்ப எதுக்கு அது" என்றார்.

தொலைபேசியைக் கேட்டுக் கையை நீட்டினேன். தயங்கினார், கொடுத்தார்.

"நான்தான்மா" என்றேன். "உங்க தங்கச்சி இல்லை. நான்தான் செஞ்சேன்."

நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.